ஸ்டாக் சோதனை இருந்தும், விதிவிலக்கு எறியப்படும்போது அது ஏன் வாய் திறப்பதில்லை?

எடைமேடை (மணலி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மணலியிலிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளை எடைபோடும் மேடை ஒன்றின் மென்பொருளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். எடை காட்டும் கருவி, ஒவ்வொரு எடையையும் ஒரு வரி எழுத்தாக சீரியல் கேபிள் வழியாக அனுப்புகிறது. சி++ மொழியில் எழுதப்பட்ட எங்கள் நிரல் அந்த வரியைப் படித்து, எண்ணாக மாற்றி, ரசீது அச்சிடுகிறது. லினக்ஸ் இயங்கும் 64-பிட் கணினி, கம்பைலர் ஜிசிசி. செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டாக் என்ற நினைவகம் சேதமாகியிருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங் என்ற தெரிவு போடப்பட்டிருக்கிறது.

வரியைப் படிக்கும் செயற்கூறில் 64 பைட் அளவுள்ள ஓர் எழுத்து அணி உள்ளது. வந்த வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சுழற்சியில் அந்த அணிக்கு நகலெடுத்துவிட்டு, அதே செயற்கூறு அதை எண்ணாக மாற்றுகிறது. எண் அல்லாத ஏதேனும் வந்தால் விதிவிலக்கை (எக்செப்ஷன்) எறிகிறது. அதை அழைத்த முதன்மைச் சுழற்சி, விதிவிலக்கைப் பிடித்து, பிழையான வரி என்று பதிவுசெய்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறு யாரோ எழுதிய இந்த நிரலில் வரியின் நீளம் சோதிக்கப்படவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்யும் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் சோதனையின்போது கண்ட நடத்தைதான் எனக்குப் புரியவில்லை.

தொடக்கத்தில் சரியான எடையும் அதன்பின் வெற்றிடங்களுமாக, அணியைவிடச் சற்றே நீண்ட வரியை அனுப்பினால், 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்ற செய்தியுடன் நிரல் நின்றுவிடுகிறது. இது எதிர்பார்த்ததுதான். அதே நீளமுள்ள வரியின் தொடக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்து அனுப்பினால், விதிவிலக்கு எறியப்படுகிறது, மேலே பிடிக்கப்படுகிறது, நிரல் எதுவுமே நடக்காததுபோலத் தொடர்கிறது. ஆனால் அதற்குப் பின் அச்சாகும் ரசீதுகளில் மேடையின் எண் தவறாக வருகிறது. அந்த எண்ணை முதன்மைச் சுழற்சியில் உள்ள ஒரு மாறி வைத்திருக்கிறது. வரியைப் படிக்கும் செயற்கூறு அதைத் தொடுவதே இல்லை. இன்னும் மிக நீண்ட வரியை அனுப்பினால், பிடிப்பதற்கு கேட்ச் இருந்தும் டெர்மினேட் என்ற செய்தியுடன் நிரல் சாகிறது.

இதனுடன் தொடர்புடைய இன்னொரு ஐயமும் உண்டு. முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் தற்சுழற்சி ஒன்றை எழுதி, எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்சுக்குள் வைத்துப் பார்த்தேன். அது பிடிபடவில்லை, செக்மென்டேஷன் ஃபால்ட் என்று முடிந்துவிட்டது. ஜாவாவில் இதே நிரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் அழகாகப் பிடிபடுகிறதே, சி++ கம்பைலர் ஏன் அதைச் செய்வதில்லை?

விளக்கம் கிடைத்தால், தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் படிப்பு வட்டத்திலும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கொருக்குப்பேட்டை ஆசிரியை எழுதியது:

நண்பர் எடைமேடை அவர்களுக்கு வணக்கம். வரியைப் படிக்கும் செயற்கூறில் நீங்கள் கண்ட மூன்று நடத்தைகளுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு செயற்கூறு வெளியேற கம்பைலர் இரண்டு வாசல்களை வைக்கிறது. ஸ்டாக் சேதத்தைக் காட்டிக்கொடுக்கும் கேனரி என்ற அடையாள மதிப்பைச் சரிபார்க்கும் காவல் அவற்றுள் ஒன்றில் மட்டுமே நிற்கிறது.

முதல் வாசல் இயல்பான ரிட்டர்ன். ஸ்டாக் ப்ரொடெக்டர் இருக்கும்போது, செயற்கூறின் தொடக்கத்தில் கம்பைலர் ஓர் இரகசிய மதிப்பை எடுத்து, அணிகளுக்கும் சேமிக்கப்பட்ட பதிவகங்களுக்கும் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களின் மதிப்புகளுக்கும்) நடுவில் வைக்கிறது. அதைத்தான் கேனரி என்கிறோம். 64-பிட் இன்டெல் வகை லினக்ஸில் அதன் மூலப்பிரதி, ஒவ்வோர் இழைக்கும் (த்ரெட்) உரிய நினைவகப் பகுதியில், எஃப்எஸ் பதிவகம் சுட்டும் இடத்திலிருந்து 40 பைட் தள்ளி இருக்கிறது. நிரல் தொடங்கும்போது கர்னல் தரும் சீரற்ற பைட்டுகளிலிருந்து சி நூலகம் அதை உருவாக்குகிறது. செயற்கூறு திரும்புவதற்குச் சற்று முன் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் ஸ்டாக் செக் ஃபெயில் என்னும் நூலகச் செயற்கூறு அழைக்கப்படுகிறது. நீங்கள் பார்த்த செய்தியை அச்சிடுவது அதுதான். இந்த ஒப்பீடு செயற்கூறின் இறுதிப் பகுதியில் கம்பைலர் சேர்த்த சாதாரணக் கட்டளைகளே என்பதைக் கவனியுங்கள். அந்தக் கட்டளைகள் ஓடினால்தான் சோதனை நடக்கும்.

இரண்டாவது வாசல் விதிவிலக்கு. இதில் செயற்கூறின் இறுதிப் பகுதி ஓடவே ஓடாது. த்ரோ என்று எழுதிய இடத்தில் கம்பைலர் இரண்டு நூலக அழைப்புகளை வைக்கிறது. ஒன்று, எறியப்படும் பொருளுக்கு, ஸ்டாக்குக்கு வெளியே உள்ள ஹீப் என்ற நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. ஸ்டாக் கலைக்கப்படும்போதும் அந்தப் பொருள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால்தான் ஹீப். மற்றொன்று, அன்வைன்டர் எனப்படும் ஸ்டாக் கலைப்பியிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கிறது. அன்வைன்டர் செய்யும் வேலை முழுவதும் அட்டவணைகளைப் படிப்பதுதான்.

அந்த அட்டவணைகள் இரண்டு வகை. ஈஎச் ஃப்ரேம் என்ற பகுதியில், ஒவ்வொரு செயற்கூறுக்கும், அதன் எந்தக் கட்டளையில் நிற்கும்போது ஸ்டாக் எப்படி இருக்கும் என்ற குறிப்பு உள்ளது: திரும்பும் முகவரி எங்கே இருக்கிறது, அழைத்தவருடைய எந்தப் பதிவகம் எந்த இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பன போன்றவை. முகவரி வரிசையில் அடுக்கப்பட்ட ஒரு துணை அட்டவணையும் இருப்பதால், இருமத் தேடல் மூலம் உரிய குறிப்பை விரைவில் கண்டுபிடிக்க முடிகிறது. இரண்டாவது வகை, ஜிசிசி எக்செப்ட் டேபிள் என்ற பகுதியில் இருப்பது. இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரையுள்ள அழைப்புகளில் விதிவிலக்கு வந்தால் இந்த இடத்துக்குத் தாவுக, பிடிக்கத்தக்க வகைகள் இவை என்று அது சொல்கிறது. தாவிச் சேரும் அந்த இடத்தை லேண்டிங் பேட் என்பார்கள். இந்த இரண்டாவது அட்டவணையைப் படிக்கும் பொறுப்பு, அந்தந்த மொழிக்கு உரிய பெர்சனாலிட்டி ரொட்டீன் என்ற செயற்கூறிடம் விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் ரஸ்ட் மொழியின் பேனிக்கும் சி++ மொழியின் த்ரோவும் அடியில் ஒரே வகை அன்வைன்டரைப் பயன்படுத்த முடிகிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, முதலில் இட்டேனியம் செயலிக்காக எழுதப்பட்ட ஏபிஐ ஆவணம், அதாவது தொகுக்கப்பட்ட நிரல்கள் ஒன்றோடொன்று இயைவதற்கான விதிகள். அந்தச் செயலி வழக்கொழிந்துவிட்டது. அதன் விதிவிலக்கு ஏற்பாடு இன்றும் லினக்ஸ் முழுவதும் வாழ்கிறது.

அன்வைன்டர் ஸ்டாக்கை இரண்டு முறை நடந்து பார்க்கிறது. முதல் நடையில் எதையும் கலைக்காமல், இதைப் பிடிப்பவர் யாராவது இருக்கிறாரா என்று மட்டும் தேடுகிறது. இருந்தால்தான் இரண்டாம் நடை தொடங்கி, வழியில் உள்ள ஒவ்வொரு செயற்கூறின் அழிப்பிகளையும் (பொருள்களைத் துப்புரவாக்கும் செயற்கூறுகள்) ஓட்டிக்கொண்டே பிடிக்கும் இடம் வரை செல்கிறது. ஒரே நடையில் முடித்திருக்கலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பிடிப்பவர் எவரும் இல்லையென்றால், ஸ்டாக் கலையாத நிலையிலேயே நிரலை நிறுத்த இரண்டு நடை உதவுகிறது. நிரல் நின்றபோது இருந்த நினைவகத்தின் பதிவான கோர் கோப்பைத் திறந்து பார்க்கும்போது, எறியப்பட்ட இடம் வரை முழு அழைப்பு வரிசையும் அப்படியே கிடைக்கும். பிழை தேடுபவருக்கு இது பெரும் கொடை என்பது என் கருத்து.

இப்போது உங்கள் ஸ்டாக்குக்கு வருவோம். தாழ்ந்த முகவரியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தால் முதலில் 64 பைட் அணி, அடுத்து கேனரி, அடுத்து சேமிக்கப்பட்ட பதிவகங்கள், எல்லாவற்றுக்கும் மேல் திரும்பும் முகவரி என்ற வரிசை இருக்கும். சற்றே நீண்ட வரி, கேனரியையும் அதற்கு மேலுள்ள ஒரு பதிவகத்தின் சேமிப்பையும் அழித்திருக்கிறது. திரும்பும் முகவரியைத் தொடவில்லை. விதிவிலக்கு எறியப்பட்டதும், அன்வைன்டர் அட்டவணையைப் பார்த்து, இந்த இடத்தில் அழைத்தவருடைய பதிவகம் இருக்கிறது என்று நம்பி, அழிந்துபோன மதிப்பை எடுத்துப் பதிவகத்தில் வைத்துவிடுகிறது. முதன்மைச் சுழற்சி தன் மேடை எண்ணை அந்தப் பதிவகத்தில்தான் வைத்திருந்திருக்கும். திரும்பும் முகவரி சரியாக இருந்ததால் கேட்ச் கண்டுபிடிக்கப்பட்டது. பதிவகம் கெட்டிருந்ததால் ரசீது கெட்டது. மிக நீண்ட வரியோ திரும்பும் முகவரியையும் அழித்துவிட்டது. அந்தப் பொய்யான முகவரிக்கு ஈஎச் ஃப்ரேமில் எந்தக் குறிப்பும் இல்லாததால், முதல் நடை ஸ்டாக்கின் முடிவை அடைந்துவிட்டதாகக் கருதி நின்றது. பிடிப்பவர் இல்லை என்று டெர்மினேட் அழைக்கப்பட்டது.

கேனரி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல அந்த அட்டவணைகளில் இடமே இல்லை. ஆகவே அன்வைன்டர் விரும்பினாலும் சோதிக்க முடியாது.

இது ஏட்டளவிலான ஐயம் அன்று. சிஎச்ஓபி, அதாவது கேட்ச் ஹேண்ட்லர் ஓரியன்டட் ப்ரோகிராமிங் என்ற பெயரில், இந்த இடைவெளியைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த முடியும் என்பதை 2023-இல் என்டிஎஸ்எஸ் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். திரும்பும் முகவரியை நிரலுக்குள்ளேயே இருக்கும் வேறொரு ட்ரை பகுதியின் முகவரியாக மாற்றி எழுதிவிட்டு விதிவிலக்கை எழச்செய்தால், தாக்குபவர் தேர்ந்தெடுத்த கேட்சுக்கே கட்டுப்பாடு போகும். கேனரி அழிந்திருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த ஆய்வையொட்டி எல்எல்விஎம் கம்பைலரில், த்ரோ போன்ற திரும்பி வராத அழைப்புகளுக்கு முன்னாலும் கேனரியைச் சோதிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அதுவும் முழுத் தீர்வு அன்று. த்ரோ உங்கள் செயற்கூறுக்குள்ளேயே இருந்தால் அது பிடித்துவிடும். நீங்கள் அழைத்த நூலகச் செயற்கூறு எறிந்து, உங்கள் செயற்கூறில் அழிக்க வேண்டிய பொருளும் எதுவும் இல்லையென்றால், அன்வைன்டர் உங்கள் சட்டகத்தை, அதாவது ஸ்டாக்கில் உங்கள் செயற்கூறுக்கு உரிய பகுதியை, அப்படியே தாண்டிச் சென்றுவிடும். உங்கள் கட்டளை ஒன்றுகூட ஓடாதபோது சோதனையை எங்கே வைப்பது?

ஒற்றியூரான் எழுதியது:

ஆசிரியை அவர்கள் கேனரியைத் தெளிவாக விளக்கிவிட்டார்கள். தற்சுழற்சி பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஸ்டாக் சோதனை என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் அழைக்கப்படுவதால் குழப்பம் எளிதில் வரும். கேனரி, ஸ்டாக்கின் உள்ளே ஒரு சட்டகம் சேதமாகியிருக்கிறதா என்று பார்ப்பது. நீங்கள் தற்சுழற்சியில் சந்தித்ததோ, ஸ்டாக்குக்கு ஒதுக்கிய இடமே தீர்ந்துபோவது. இதைக் கவனிப்பது பெரும்பாலும் கம்பைலர் அன்று. செயலியின் நினைவகப் பக்கப் பாதுகாப்பும் இயங்குதளமும்தான்.

லினக்ஸில் முதன்மை இழையின் ஸ்டாக், பொதுவாக 8 மெகாபைட் எல்லைக்குள், தேவைக்கேற்பக் கீழ்நோக்கி வளர்கிறது. மற்ற இழைகளின் ஸ்டாக்குகளுக்குக் கீழே, யாரும் தொடக்கூடாத காவல் பக்கம் ஒன்றை நூலகம் வைக்கிறது. வழக்கமாக அது ஒரே பக்கம், 4096 பைட். தற்சுழற்சி ஆழமாகி அந்தப் பக்கத்தைத் தொட்டவுடன் செயலி பிழை எழுப்புகிறது. கர்னல் அதை சிக்செக்வி என்ற சிக்னலாக நிரலுக்கு அனுப்புகிறது. இது சிக்னல், விதிவிலக்கு அன்று. சி++ கம்பைலர் எழுதும் அட்டவணையில், விதிவிலக்கு எழக்கூடிய இடங்களாக செயற்கூறு அழைப்புகளும் த்ரோக்களும் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பதிவகத்தை ஸ்டாக்கில் தள்ளும் சாதாரணக் கட்டளை விதிவிலக்கை எழுப்பக்கூடும் என்று அட்டவணை கருதுவதே இல்லை. நான்-கால் எக்செப்ஷன்ஸ் என்ற தெரிவு ஜிசிசியில் உண்டு. அது நினைவகத்தைத் தொடும் கட்டளைகளையும் கணக்கில் சேர்க்கும். ஆனால் ஸ்டாக் தீர்வது பெரும்பாலும் ஒரு செயற்கூறின் தொடக்கக் கட்டளைகளில், அதன் சட்டகம் பாதி அமைந்த நிலையில். அதை நம்பி ஒரு மீட்பு வழியைக் கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு தடையும் உண்டு. சிக்னலைக் கையாளும் செயற்கூறு ஓடவும் ஸ்டாக் வேண்டும், இருப்பதோ தீர்ந்துவிட்டது. அதற்காகத்தான் சிக்ஆல்ட்ஸ்டாக் என்ற அழைப்பின் மூலம் தனியாக ஒரு மாற்று ஸ்டாக்கை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறார்கள். ரஸ்ட் மொழியின் இயக்கநேர நூலகம் இதைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் அதுவும் ஸ்டாக் நிரம்பிவிட்டது என்று ஒரு செய்தியை அச்சிட்டுவிட்டு நிரலை நிறுத்துகிறதே அன்றி, மீள முயல்வதில்லை.

ஜாவா வேறு வழியில் போகிறது. ஹாட்ஸ்பாட் இயந்திரம், ஸ்டாக்கின் முடிவில் மஞ்சள், சிவப்பு எனப் பெயரிட்ட காவல் பகுதிகளை வைக்கிறது. அது உருவாக்கும் ஒவ்வொரு மெத்தடின் தொடக்கத்திலும், இப்போதைய இடத்திலிருந்து சில பக்கங்கள் தள்ளி உள்ள ஓர் இடத்தை வேண்டுமென்றே தொட்டுப் பார்க்கும் கட்டளை இருக்கிறது. அது மஞ்சள் பகுதியில் பட்டால், சிக்னலை இயந்திரமே வாங்கி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் என்ற விதிவிலக்காக மாற்றுகிறது. சட்டகம் அமைவதற்கு முன்பே, தெரிந்த ஒரு கட்டளையில், இன்னும் சில பக்கங்கள் கையிருப்பில் இருக்கும்போதே பிழை எழுவதால்தான் அதை ஒழுங்காகப் பிடிக்க முடிகிறது. கோ மொழி இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் ஸ்டாக் சுட்டியை எல்லையோடு ஒப்பிடுகிறது. இடம் போதாவிட்டால் பெரிய ஸ்டாக் ஒன்றை ஒதுக்கி, பழையதை அதற்குப் பெயர்த்து, சுட்டிகளையும் திருத்துகிறது. கோ மொழியின் இலகு இழையான கோரூட்டின் 2 கிலோபைட் ஸ்டாக்கோடு பிறக்க முடிவது இதனால்தான். ஆயினும் 64-பிட் கணினியில் 1 ஜிகாபைட் என்ற உச்சத்தைத் தாண்டினால், பிழையிலிருந்து மீள உதவும் ரெகவர் எழுதியிருந்தாலும் நிரல் நின்றுவிடும். நம் மாணவர்களுக்குப் பழக்கமான பைத்தான், அழைப்பின் ஆழத்தை எண்ணி, வழக்கமாக 1000-ஐத் தாண்டியதும் ரெகர்ஷன் எரர் எழுப்புகிறது.

காவல் பக்கத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு; கம்பைலர் உள்ளே வருவது அங்கேதான். ஒரு செயற்கூறில் 100 கிலோபைட் அணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் சுட்டி ஒரே தாவலில் 100 கிலோபைட் கீழே போகும். நிரல் முதன்முதலில் எழுதுவது அந்த அணியின் அடிப்பகுதியில் விழுந்தால், 4096 பைட் காவல் பக்கத்தைத் தொடாமலேயே தாண்டி, அதற்குக் கீழே இருக்கும் வேறு நினைவகத்தில் எழுதிவிடும். 2017 ஜூனில் குவாலிஸ் நிறுவனத்தார் ஸ்டாக் க்ளாஷ் என்ற பெயரில் இதை வெளிப்படுத்தி, பல இயங்குதளங்களில் தாக்குதலாகச் செய்து காட்டினார்கள். அதன்பின் லினக்ஸ் கர்னல், முதன்மை ஸ்டாக்கின் கீழ் விடும் இடைவெளியை ஒரு பக்கத்திலிருந்து 256 பக்கங்களாக, அதாவது 1 மெகாபைட்டாக, உயர்த்தியது. ஜிசிசி 8 பதிப்பில் ஸ்டாக் க்ளாஷ் ப்ரொடெக்ஷன் என்ற தெரிவு வந்தது. அதைப் போட்டால், பெரிய சட்டகம் அமையும்போது ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை தொட்டுக்கொண்டே கீழிறங்கும் கட்டளைகளை கம்பைலர் சேர்க்கும். எந்தக் காவல் பக்கத்தையும் தாண்டிக் குதிக்க முடியாது.

விண்டோஸில் இந்தப் பழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. அங்கே ஸ்டாக் வளர்வதே காவல் பக்கத்தைத் தொடுவதன் மூலம் ஒவ்வொரு பக்கமாக நடப்பதால், ஒரு பக்கத்தைவிடப் பெரிய சட்டகம் அமைந்தால் செக்ஸ்டாக் என்ற துணைச் செயற்கூறை கம்பைலர் கட்டாயம் அழைக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காக அன்றி, நிரல் சரியாக ஓடுவதற்காகவே ஏற்பட்ட தேவை அது.

எடைமேடை (மணலி) மீண்டும் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கும் ஒற்றியூர் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. இயந்திரமொழிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதன்மைச் சுழற்சியில் மேடை எண் ஆர்பிஎக்ஸ் பதிவகத்தில்தான் இருக்கிறது. வரி படிக்கும் செயற்கூறு அதே பதிவகத்தைத் தன் தொடக்கத்தில் ஸ்டாக்கில் சேமிக்கிறது.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. ட்ரை என்று எழுதினாலே நிரலின் வேகம் குறையும் என்று எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இப்படி ஓர் இடைவெளியும் இருப்பதால், விதிவிலக்குகளையே விட்டுவிட்டுப் பிழை எண்களைத் திருப்பி அனுப்பும் முறைக்கு மாறிவிடலாமா? பொன்னேரி நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள இன்னொரு மேடை விண்டோஸில் ஓடுகிறது. அங்கேயும் இதே நிலைதானா?

ராயபுரம் வாசகர் எழுதியது:

உங்கள் மூத்த பொறியாளர் சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. 32-பிட் விண்டோஸில், ட்ரை உள்ள ஒவ்வொரு செயற்கூறும் நுழையும்போதே ஒரு பதிவை ஸ்டாக்கில் அமைத்து, அதை ஒரு சங்கிலியில் கோக்கும், வெளியேறும்போது கழற்றும். ஜிசிசியிலும் செட்ஜம்ப், லாங்ஜம்ப் முறையை அடிப்படையாகக் கொண்ட ஒரு செயலாக்கம் சில தளங்களில் இருந்தது. அந்த முறைகளில் விதிவிலக்கு எறியப்படாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் விலை கொடுக்க வேண்டும். ஆசிரியை விளக்கிய அட்டவணை முறையில் நிலைமை தலைகீழ். ட்ரைக்குள் நுழைவதற்கு ஒரு கட்டளைகூடச் செலவில்லை; அட்டவணைகளால் கோப்பின் அளவு கூடும், அவ்வளவுதான். எறியும்போதுதான் விலை. ஒவ்வொரு சட்டகத்துக்கும் தேடல், குறிப்பைப் படித்தல், வகை ஒப்பீடு என்று இரண்டு நடை நடப்பதால், சாதாரண ரிட்டர்னைவிட அது பல நூறு மடங்கு அதிகமாகலாம். எடை மேடையில் வரும் வரிகளுள் எப்போதோ ஒன்று பிழையாக இருப்பதற்கு இது ஒரு பொருட்டே அன்று. ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை எறியும் நிரலாக இருந்தால் வேறு பேச்சு. அதிலும், எறியும் ஒவ்வோர் இழையும் ஏற்றப்பட்ட நூலகங்களின் பட்டியலைப் பார்க்க ஒரே பூட்டுக்காகக் காத்திருந்த தொல்லை, 2022-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) 2.35 பதிப்பும் ஜிசிசி 12 பதிப்பும் சேர்ந்தபின் நீங்கியது.

விண்டோஸ் பற்றி. 32-பிட் காலத்தில் அங்கே நிலைமை இதைவிட மோசம். கையாளும் செயற்கூறின் முகவரியே ஸ்டாக்கில் இருந்ததால், அணியை வழியவிட்டு அந்த முகவரியை மாற்றிவிட்டு, கேனரி சோதிக்கப்படுமுன் ஒரு விதிவிலக்கை எழச்செய்தால் போதும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஜிஎஸ் என்ற கேனரிச் சோதனை வந்த சில காலத்திலேயே, 2003-இல், இந்த வழி வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டது. பிறகு சேஃப்எஸ்ஈஎச், எஸ்ஈஎச்ஓபி என்ற தடுப்புகள் வந்தன. 64-பிட் விண்டோஸிலோ கையாளும் முகவரிகள் ஸ்டாக்கைவிட்டே வெளியேறி, மாற்ற முடியாத அட்டவணைக்குப் போய்விட்டன. அதோடு, கேனரி உள்ள செயற்கூறுகளுக்கு, அது சட்டகத்தில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பையும் கம்பைலர் அட்டவணையில் எழுதுகிறது; ஜிஎஸ் ஹேண்ட்லர் செக் என்ற செயற்கூறு, விதிவிலக்கு அந்தச் சட்டகத்தைக் கடக்கும்போது அதைச் சோதிக்கிறது. ஆகவே உங்கள் இரண்டாவது மேடையில், நிரல் 64-பிட் ஆகவும் மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் ஜிஎஸ் தெரிவோடு உருவாக்கப்பட்டதாகவும் இருந்தால், இந்த இடைவெளி பெரிதும் அடைபட்டிருக்கும். ஆசிரியை கேட்ட கேள்விக்கு விடையும் இதில் இருக்கிறது: செயற்கூறின் கட்டளை ஓடாவிட்டாலும், அட்டவணையில் இடம் கொடுத்தால் அன்வைன்டர் தரப்பிலேயே சோதிக்க முடியும். லினக்ஸ் தரப்பிலும் இது வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அதற்காக விதிவிலக்கைக் கைவிட வேண்டியதில்லை. பிழை எண்களைத் திருப்பி அனுப்பும் முறையில், யாரோ ஒருவர் அந்த எண்ணைப் பார்க்க மறந்தால், தவறான எடையோடு ரசீது அச்சாகிவிடும். எடைமேடையில் அது அபராதத்திலும் வழக்கிலும் போய் முடியக்கூடிய காரியம். மாறாக, வரியை நகலெடுக்கும் வேலையைத் தனிச் செயற்கூறாகப் பிரித்து, அதில் மட்டும் அணியை வைத்து, வெற்றியா தோல்வியா என்று இயல்பாகத் திரும்பச் செய்யுங்கள். அது முறையாகத் திரும்பிய பின்னர், அழைத்த செயற்கூறு எறியட்டும். அப்போது எறியப்படும் ஒவ்வொரு முறையும் கேனரி ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கும். அந்தச் செயற்கூறுக்கு நோஇன்லைன் என்ற பண்பைக் கட்டாயம் எழுதுங்கள். இல்லையென்றால், கம்பைலர் அதை அழைத்தவருக்குள் கரைத்து, நீங்கள் பிரித்ததை மீண்டும் ஒன்றாக்கிவிடும்.

நீளச் சோதனையை எழுதிவிட்டால் இந்த ஏற்பாடு இரண்டாவது தடுப்பாக மட்டுமே நிற்கும். சோதனைக் கணினியில், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசருடன் நிரலை உருவாக்கி, நீங்கள் அனுப்பிய அதே வரிகளை மீண்டும் அனுப்பிப் பாருங்கள். அது எல்லை மீறி எழுதும் அந்தக் கணத்திலேயே நிறுத்துவதால், செயற்கூறு எந்த வழியாக வெளியேறுகிறது என்ற கேள்வியே எழாது. கம்பைலரின் ஃபோர்டிஃபை சோர்ஸ் தெரிவும் எழுதும் நேரத்தில் சோதிப்பதுதான். ஆனால் அது ஸ்ட்ரிங் காப்பி போன்ற நூலக அழைப்புகளை மட்டுமே கவனிக்கும், கையால் எழுதிய சுழற்சியைப் பார்க்காது.

கொருக்குப்பேட்டை ஆசிரியை மீண்டும் எழுதியது:

ராயபுரம் வாசகரின் யோசனையை வழிமொழிகிறேன். படிப்பு வட்டத்தில் சொல்வதற்கு ஒரு சிறு நுணுக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். லினக்ஸில் 64-பிட் கேனரியின் கடைசி பைட் (இன்டெல் வகையில், எண்ணின் மிகச் சிறு மதிப்புடைய பைட்) எப்போதும் சுழியாக வைக்கப்படுகிறது. எழுத்துச்சரத்தை நகலெடுக்கும் செயற்கூறுகள் சுழியில் நின்றுவிடும் என்பதால், கேனரியை அப்படியே போலியாக எழுதிக் கடப்பது கடினமாகட்டும் என்பதற்காக. ஆனால் இன்டெல் வகைச் செயலியில் அந்த பைட்தான் அணிக்கு மிக அருகில் இருக்கும். எனவே, 64 பைட் அணியை ஒட்டியே கேனரி இருக்கும்போது, சரியாக 64 எழுத்து கொண்ட ஒரு வரியை நகலெடுத்து முடிவில் சுழியை எழுதினால், சுழியின் மீதே சுழி விழும். எல்லை மீறப்பட்டிருந்தும் இயல்பான ரிட்டர்னில்கூடக் கேனரி மாறாமல் தோன்றும். நீளச் சோதனையை எழுதும்போது, முடிவுச் சுழிக்கும் இடம் விட்டு, 63 எழுத்துகளுக்கு மேல் ஏற்காதபடி எழுதுங்கள்; சோதனைப் பட்டியலில் 63, 64, 65 ஆகிய மூன்று நீளங்களையும், எண் உள்ள வரியாகவும் எண் இல்லாத வரியாகவும், தவறாமல் சேர்த்துவிடுங்கள்.